சோதனைக்கு முந்திய பாடல்

கடலை நம்பி வாழும் தொண்டைமானாற்று மக்களுக்கு, நீரில் உறவைப் பறிகொடுக்கும் துயரை எவரும் விளக்க வேண்டியதில்லை. சுவீடன் நாட்டின் பக்திப் பாடலாசிரியை லீனா சான்டெலும் அதை அறிந்தவர். 1832இல் கிராமத்துப் போதகர் ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், 1858இல் தந்தை வெற்றன் ஏரியில் மூழ்கியதைக் கண்ணெதிரே கண்டார்.

இறைவனின் பிள்ளைகளுக்கு அவனே காப்பு என்னும் அவரது புகழ்பெற்ற பாடல் அத்துயரில் பிறந்தது என்பர் பலர். ஆனால் அது 1855இலேயே அச்சேறிவிட்டது. பாடல் முந்தியது, சோதனை பிந்தியது. சோதனைக்குப் பின்னும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1903இல் மறையும்வரை 600க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். ஒஸ்கார் ஆன்பெல்ற் அவற்றுட் பலவற்றுக்கு இசையமைத்து, கிற்றாருடன் ஊரூராகப் பாடினார்.

அச்சில் அவர் இட்ட ஒப்பம் ‘எல்.எஸ்.’ என்ற இரண்டெழுத்தே. நமது ஒப்பாரிகளைக் கட்டிய பெண்களுக்கோ அந்த இரண்டெழுத்துக்கூட எஞ்சவில்லை.