மாலுமி எல்லை கடக்க எந்த ஆவணம் தேவை?

கொச்சி: வல்லார்பாடம் பன்னாட்டுப் பெட்டக முனையத்திற்கு வரும் கப்பல்கள் நெடுநேரம் நிற்பதில்லை. 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இம்முனையத்திற்கு அருகிலேயே மாலுமிகள் வேண்டுதல் செலுத்தும் வல்லார்பாடத்து அன்னை பேராலயம் உள்ளது. ஆனால், அங்குச் சென்று வரவும் அயல்நாட்டு மாலுமிக்குக் குடியேற்ற அதிகாரிகள் வழங்கும் கரையிறங்கு அனுமதிச்சீட்டு வேண்டும்.

மாலுமியிடம் பொதுவாக மூன்று ஆவணங்கள் இருக்கும். பாஸ்போர்ட் குடியுரிமையைக் காட்டுகிறது. சி.டி.சி. எனப்படும் பணிப் பதிவேடு அவர் எந்தெந்தக் கப்பல்களில் பணியாற்றினார் என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது, மாலுமி அடையாள ஆவணம். குழப்பம் பெரும்பாலும் இதில்தான்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2003-இல் ஏற்றுக்கொண்ட 185-ஆவது உடன்படிக்கை, இந்த ஆவணம் பாஸ்போர்ட் அல்ல என்று தெளிவாகக் கூறுகிறது. அதேவேளையில், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது தற்காலிகமாகக் கரையிறங்க விசா கேட்கக் கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது. இந்தியா இதனை 2015-இல் ஏற்றது. முக அடையாளம் பதிந்த சில்லுடன் கூடிய இந்திய அட்டை 2020 ஆகஸ்டில் அறிமுகமானது. விவரப் பதிவு மையங்களுள் கொச்சியும் சென்னையும் அடங்கும்.

எனினும், எல்லா நாடுகளும் இவ்வுடன்படிக்கையில் இணையவில்லை. அமெரிக்கத் துறைமுகத்தில் கரையிறங்க மாலுமிகளுக்குரிய விசா இன்றும் கட்டாயம். விமானத்தில் சென்று வேறு நாட்டில் கப்பலேறுவோருக்கு அடையாள அட்டை மட்டும் போதாது. பாஸ்போர்ட்டும், அந்நாட்டு விதிப்படி விசாவும் தேவைப்படலாம்.

பலரும் அறியாத விதி ஒன்று உண்டு. அடையாள ஆவணம் எப்போதும் மாலுமியின் வசமே இருக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு. பாதுகாப்புக்காகக் கப்பல் தலைவர் வாங்கி வைக்க வேண்டுமானால், மாலுமியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அவசியம். சம்பளத் தகராறில் கப்பலில் சிக்குவோருக்கு இது சிறிய செய்தியன்று.

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால், இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் வழங்கும். அது தாயகம் திரும்பும் ஒருவழிப் பயணத்திற்கு மட்டுமே செல்லும். அதைக் கொண்டு மீண்டும் பணிக்குச் செல்ல இயலாது.

கப்பல் வேலை என்று கூறிச் சுற்றுலா விசாவில் அனுப்ப முற்படும் முகவரிடம் பணம் கொடுக்கும் முன், அவருக்கு ஆள்சேர்ப்பு உரிமம் உள்ளதா என்பதைக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.