அமெரிக்க பிக்கப் டிரக்கும் பழுதுபார்ப்பின் வரலாறும்

பிக்கப் டிரக் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட இலகுரக வாகனம். அமெரிக்காவில் விவசாயிகள், தச்சர்கள், குழாய் வேலை செய்வோர், சிறு ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரின் தொழிற்கருவியாக அது வளர்ந்தது. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். எனவே பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறிவதும் அதைச் சரிசெய்வதும் பிக்கப் டிரக்கின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாத பகுதியாக இருந்து வருகின்றன. உரிமையாளரின் காதும் கையும் செய்த அந்த வேலை, நூறு ஆண்டுகளில் கணினிக்குள் சென்று, பின்னர் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனது.

தொடக்கக் காலம்

ஃபோர்டு நிறுவனம் 1917இல் ஒரு டன் சுமை தாங்கும் மாடல் டிடி என்ற சேசிஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மேல் பொருத்தும் கூண்டையும் தொட்டியையும் வாங்குபவரே தனியாகச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு முன்பே பல விவசாயிகள் மாடல் டி காரின் பின்பகுதியில் மரப்பெட்டி கட்டிச் சரக்கு ஏற்றி வந்தனர். இதைக் கண்ட ஃபோர்டு நிறுவனம், 1925 ஏப்ரலில் தொழிற்சாலையிலேயே எஃகுத் தொட்டி பொருத்திய மாடல் டி வண்டியை 281 டாலர் விலையில் வெளியிட்டது. தொட்டியின் நீளம் 56 அங்குலம். முதல் ஆண்டில் சுமார் 34,000 வண்டிகள் விற்றன.

அந்த வண்டியின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 20 குதிரைத்திறனும் கொண்டது. வாங்கியவர்களில் பலருக்குப் பக்கத்து ஊரில்கூட மெக்கானிக் கிடையாது. ஆகவே நிறுவனம் வண்டியுடன் தந்த கையேடு கேள்வி பதில் வடிவில் எழுதப்பட்டிருந்தது. எஞ்சின் ஏன் சூடாகிறது, ஏன் தட்டும் சத்தம் வருகிறது, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பன போன்ற கேள்விகளுக்கு, உரிமையாளரே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் பதிலாகத் தரப்பட்டன.

காயில் சோதனை

மாடல் டி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு காயில் இருந்தது. நான்கு காயில்களும் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் இருந்தன. காயிலின் தலையில் இருந்த மெல்லிய தகடு ரீங்காரத்துடன் அதிர்ந்து, ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் அனுப்பியது. தகட்டை விரலால் அழுத்திப் பிடித்தால் அதிர்வு நிற்கும். அதற்குரிய சிலிண்டரும் நின்றுவிடும்.

எஞ்சின் ஒரு சிலிண்டரில் எரியாமல் 'மிஸ்' ஆனால், முதலில் 1ஆம், 4ஆம் காயில்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். மீதமுள்ள இரண்டும் சீராக ஓடினால் பழுது 1இல் அல்லது 4இல் உள்ளது. பிறகு 4ஐ மட்டும் விட்டு மற்ற மூன்றையும் அழுத்த வேண்டும். அது சீராக ஓடினால் பழுது 1ஆம் சிலிண்டரில் என்று முடிவாகிறது. அடுத்து, அந்தக் காயிலைப் பக்கத்துக் காயிலுடன் இடம் மாற்றிப் பார்க்கலாம். பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றம் காயிலில் உள்ளது. மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் பிளக், வயர், வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வால்வு சரியாக மூடுகிறதா என்பதைக் கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றி அறிந்தனர். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று அழுத்தப்படும்போது கையில் எதிர்ப்பு தெரியும். ஒன்றில் மட்டும் எதிர்ப்பு குறைந்தால் அங்கே கசிவு உள்ளது. செங்குத்தான மேட்டில் மட்டும் எஞ்சின் நின்றுபோனால் அது எஞ்சின் பழுதாக இல்லாமலும் இருக்கலாம். இருக்கைக்கு அடியில் இருந்த தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையால் மட்டுமே கார்புரேட்டருக்கு இறங்கியது. தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்து வண்டியின் முகம் மேலே தூக்கினால் ஓட்டம் தடைபடும். இதை அறிந்தவர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி மேடேற்றினர்.

வண்ணமும் தகட்டு வேலையும்

1914 முதல் 1925 வரை மாடல் டி வண்டிகள் கருப்பு நிறத்தில் மட்டுமே வந்தன. சூட்டில் உலர்த்தப்பட்ட அந்தக் கருப்புப் பூச்சு மலிவானது, நீடித்து உழைப்பது. அதே காலத்தில் விலையுயர்ந்த கார்களுக்கு வார்னிஷ் பூச்சு பல அடுக்குகளாகப் பூசப்பட்டு, உலர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. டுபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1923இல் அறிமுகப்படுத்திய டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு இந்த நிலையை மாற்றியது. ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தால் அது விரைவில் உலர்ந்தது. கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்து, மீண்டும் அடித்து, பாலிஷ் போட முடிந்தது. சிறு பட்டறைகளும் பெயிண்ட் வேலையை ஏற்கும் நிலை இதனால் உருவானது.

நசுங்கிய தகட்டைச் சுத்தியலும் எதிர்க்கட்டையும் கொண்டு நிமிர்த்தும் டிங்கர் வேலையில், நிமிராத பள்ளங்களை உருக்கிய ஈயக் கலவையால் நிரப்பினர். அதற்குத் தேர்ந்த கை வேண்டும்; ஈயப் புகை உடலுக்குக் கேடு. 1950களில் பாலியெஸ்டர் பிசினும் டால்க் தூளும் கலந்த பட்டி சந்தைக்கு வந்தது. கடினமாக்கும் பசையைச் சேர்த்துப் பூசினால் சில நிமிடங்களில் இறுகி, தேய்க்கத் தயாராகும். வேலை எளிதானது, ஏமாற்றுவதும் எளிதானது. துருப்பிடித்த ஓட்டையை வெட்டி எடுக்காமல் மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து விற்பவர்கள் தோன்றினர். பழைய வண்டி வாங்குவோர் கையில் சிறு காந்தத்துடன் போனதன் காரணம் இதுவே. எஃகில் காந்தம் ஒட்டும். தடித்த பட்டியின் மேல் ஒட்டாது.

போரும் அதற்குப் பின்னும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில், அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. புதிய டிரக் கிடைப்பதும் அரிதானது; டயரும் பெட்ரோலும் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டன. இருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது கட்டாயமாயிற்று.

போருக்குப் பின் 1947இல் செவ்ரோலே நிறுவனமும், 1948இல் எஃப் வரிசை மூலம் ஃபோர்டு நிறுவனமும் முற்றிலும் புதிய பிக்கப் டிரக்குகளை வெளியிட்டன. அவற்றின் பானட்டைத் திறந்தால் பெரும்பாலான பாகங்கள் கைக்கு எட்டின. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பது முதல் சோதனை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது சூடு அதிகம், எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்துள்ளது. பாயிண்ட் இடைவெளியை அளவுத் தகட்டால் சரிசெய்வதும், டைமிங் விளக்கால் தீப்பொறி எழும் நேரத்தைச் சரிபார்ப்பதும் குறிப்பிட்ட இடைவெளியில் செய்யப்பட்ட வேலைகள். இக்கருவிகள் கடையில் கிடைத்தன, யாரும் வாங்கலாம். வண்டி செய்தவருக்குத் தெரிந்ததை உரிமையாளரும் கற்றுக்கொள்ள முடிந்த காலம் அது.

புகைச் சட்டமும் கணினியும்

1970இல் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம் வாகனப் புகையைப் பெருமளவு குறைக்குமாறு கட்டளையிட்டது. 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பரவலாகப் பொருத்தப்பட்டது. சுமையுடன் மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டும் டிரக்குகளுக்கு அன்றைய விதி அவ்வளவு கடுமையாக இல்லை. எஃப்-100, எஃப்-250 ஆகிய இரண்டுக்கும் இடையே, அந்த எடை வரம்பை மீறும்படி, ஃபோர்டு 1975இல் கொண்டுவந்ததே எஃப்-150. பின்னாளில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற வண்டிகளுள் ஒன்றான எஃப்-150 இவ்வாறு ஒரு சட்ட வரம்பை ஒட்டிப் பிறந்தது.

விதிகள் டிரக்குகளுக்கும் இறுகியபோது, கார்புரேட்டரின் திருகால் மட்டும் புகையைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 1980களில் சென்சார்களும் சிறு கணினியும் எஞ்சினைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. பழுது நேர்ந்தால் கணினி ஒரு குறியீட்டைச் சேமித்து, எஞ்சினைச் சோதிக்கச் சொல்லும் விளக்கை எரியவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் டாஷ்போர்டின் கீழுள்ள இணைப்பின் இரு முனைகளை வளைத்த காகிதக் கிளிப்பால் இணைத்தால் அந்த விளக்கு மினுக்கிக் குறியீட்டைக் காட்டும். ஒரு மினுக்கல், சிறு இடைவெளி, இரண்டு மினுக்கல் என்றால் 12. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெவ்வேறு இணைப்பு, வெவ்வேறு குறியீடு. பல நிறுவனங்களின் வண்டிகளைப் பார்க்கும் தனியார் பட்டறைகள் இதனால் திணறின.

கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம் 1988 மாடல் முதல் வண்டிக்குள்ளேயே பழுது காட்டும் அமைப்பைக் கட்டாயமாக்கியது. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற பொது அமைப்பு கட்டாயமானது. எல்லா வண்டிகளிலும் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டும் இடத்தில் 16 முனைகள் கொண்ட ஒரே மாதிரியான இணைப்பு. புகை தொடர்பான பழுதுகளுக்கு ஒரே மாதிரியான குறியீடுகள். புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதி, சிறு பட்டறைகளுக்கும் வீட்டில் வேலை செய்வோருக்கும் வண்டியின் கணினியைத் திறந்துவிட்டது.

குறியீடும் காரணமும்

குறியீட்டைப் படித்ததும் அதிலுள்ள சொல்லுக்குரிய பாகத்தை மாற்றுவது பரவலான தவறு. பி0171 என்ற குறியீடு, எஞ்சினின் ஒரு பக்கத்தில் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்பதை மட்டுமே சொல்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரைப் பலர் மாற்றுகின்றனர். உண்மைக் காரணம் வெடித்த ரப்பர் குழாய், அழுக்கடைந்த காற்று அளவி, பலவீனமான பெட்ரோல் பம்ப் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். பி0420 கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்கிறது. ஆனால் எரியாத பெட்ரோல் நெடுநாள் அதற்குள் சென்றிருந்தால், புதியதை மாற்றினாலும் அதுவும் கெடும்.

பி0303 என்றால் 3ஆம் சிலிண்டர் மிஸ் ஆகிறது. பல புதிய எஞ்சின்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் உள்ளது. 3ஆம் காயிலை 5ஆம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பார்த்து, குறியீடு பி0305 ஆக மாறினால் குற்றம் காயிலில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், வால்வு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். 1925ஆம் ஆண்டின் விவசாயி தன் மாடல் டி வண்டியில் செய்த சோதனையும் இதுவே.

பழுதுபார்க்கும் உரிமை

புகை சாராத பிரேக், காற்றுப்பை, திருட்டுத் தடுப்பு முதலிய அமைப்புகளின் தகவல்கள் பொதுக் குறியீட்டுக்கு வெளியே இருந்தன. அவற்றைப் படிக்கத் தேவையான மென்பொருள் நிறுவனத்தின் விற்பனை மையங்களிலேயே முழுமையாகக் கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 86 விழுக்காட்டினர், அதே தகவலைத் தனியார் பட்டறைகளுக்கும் உரிமையாளர்களுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்று வாக்களித்தனர். 2014இல் வாகன நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டை நாடு முழுவதும் ஒப்புக்கொண்டன.

அதற்குள் வண்டிகள் இணைப்பைத் தவிர்த்துக் கம்பியில்லா வழியில் தகவலை நேராக நிறுவனத்துக்கு அனுப்பத் தொடங்கின. அத்தகவலையும் திறந்துவிடக் கோரி 2020இல் அதே மாநிலத்தில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 75 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். இணையவழித் தாக்குதலுக்கு வழிவகுக்கும் என்று கூறி வாகன நிறுவனங்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடர்ந்தது. வண்டியின் பாதுகாப்பும் உரிமையாளரின் உரிமையும் எதிரெதிரே நிறுத்தப்பட்ட வழக்கு அது.

துருவும் அலுமினியமும்

குறியீடு காட்டாத பழுதுகளில் பெரியது துரு. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். உப்புநீர் சேசிஸின் உட்புறத்தில் தேங்கி எஃகைத் தின்கிறது. வெளித்தகட்டில் தெரியும் துரு அழகுக் குறை; சேசிஸில் உள்ள துரு உயிராபத்து. 1995 முதல் 2000 வரையிலான டகோமா டிரக்குகளின் சேசிஸ் துருவுக்காக டொயோட்டா 2008இல் உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டித்தது. மோசமான வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. பிற்கால மாடல்கள் பற்றிய வழக்கில் 2016இல் எட்டப்பட்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. இத்தகைய துருவைக் கண்டறியும் கருவி இன்றும் சுத்தியல்தான். தட்டும்போது கணீரென்று ஒலித்தால் எஃகு உறுதியாக உள்ளது. மந்தமாக ஒலித்தாலோ செதில் உதிர்ந்தாலோ உள்ளே அரித்துவிட்டது.

2015 மாடல் எஃப்-150இல் ஃபோர்டு எஃகுக்குப் பதில் அலுமினியக் கூண்டைப் பயன்படுத்தி, எடையை 700 பவுண்டு வரை குறைத்தது. அலுமினியம் எஃகைப் போல் செந்துரு பிடிக்காது. ஆனால் எஃகுத் தூள் அதில் படிந்து ஈரம் சேர்ந்தால் அரிக்கும். ஆகவே தனிக் கருவிகளும் தனி இடமும் வேண்டும். பல பட்டறைகள் புதிதாக முதலீடு செய்ய நேர்ந்தது. பழைய வண்டி வாங்குவோரின் காந்தமும் இங்கே பயன்படாது.

நூறு ஆண்டுகளில் கருவிகள் மாறியுள்ளன. பழுதைச் சிறிது சிறிதாகப் பிரித்து, ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தை அடையும் முறை மாறவில்லை. மாடல் டி உரிமையாளருக்கு அம்முறை கையேட்டிலேயே கிடைத்தது. இன்றைய உரிமையாளர் அதே முறையைப் பின்பற்றத் தன் வண்டி தரும் தகவல் தன் கைக்கு வர வேண்டும். மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் இரண்டு முறை கேட்டதும் அதைத்தான்.