பெயர் மறைத்த உணவுகள்

உணவுப் பொருள் ஒன்றின் நூறு கிராமில் அடங்கிய சத்துக்களின் அளவைக் கரும்பலகையில் எழுதிப் பெயரை மட்டும் மறைத்துவிடுவது. மாணவர் அப்பெயரைக் கண்டு சொல்வது. விளையாட்டு இவ்வளவே. ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் இதனை நான் நடத்துவது வழக்கம். புரதம் 18.3 கிராம், கொழுப்பு 43.3 கிராம், சுண்ணாம்புச் சத்து 1450 மில்லிகிராம் என்று எழுதினால், கொழுப்பின் அளவைக் கண்ட மாத்திரத்தில் “நிலக்கடலை” என்று பலர் கூவுவர். நிலக்கடலையில் சுண்ணாம்புச் சத்து நூறு மில்லிகிராமையும் எட்டாது. விடை, எள்.

மற்றொன்று: புரதம் 1.1, கொழுப்பு 3.4, மாவுச்சத்து 7.4. இது பால் என்பது விரைவில் விளங்கிவிடும். எந்தப் பால்? பசுவின் பாலில் புரதம் 3.2 கிராம்; எருமைப் பாலில் 4.3. இதிலோ பசுவின் பாலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான் காண்கிறோம். தாய்ப்பால் என்று எவரேனும் ஒருவர் மெல்லச் சொல்லும்போது, வகுப்பு சற்று நேரம் ஆரவாரம் அடங்கி அமர்ந்திருக்கும்.

ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இந்த எண்களையெல்லாம் முதன்முதலில் யார் கண்டு எழுதினார்கள்?” என்று வினவினாள். விளையாட்டைவிட அவ்வினா பெரிது. இன்றைய பேச்சு அதற்கான விடையே.

உணவைப் பகுத்துக் காணும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வளர்ந்தது. அங்கே கோனிக் என்பார் 1878-இல் உணவுப் பொருள்களின் பகுப்பாய்வுகளைத் தொகுத்து அட்டவணைகளாக வெளியிட்டார். 1883-இல் கோபன்ஹேகன் நகரத்து மதுவடிசாலை ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய கெல்டால், பொருள்களில் உள்ள நைட்ரஜனை எளிதில் அளக்கும் முறையை வகுத்தார். புரதத்தைத் தராசில் நேரே நிறுத்த இயலாது. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதனை 6.25-ஆல் பெருக்கியே புரதத்தின் அளவு கணிக்கப்பட்டது. மாவுச்சத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. நீர், புரதம், கொழுப்பு, நார், எரித்தபின் எஞ்சும் சாம்பல் ஆகியவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழிப்பர். மிஞ்சியது மாவுச்சத்து என்று எழுதுவர். நம் அட்டவணைகளில் நெடுங்காலம் நின்ற மாவுச்சத்து எண்கள் பெரும்பாலும் இவ்வாறு கழித்துக் கண்டவையே!

ஜெர்மனியிற் பயின்று தாயகம் திரும்பிய அமெரிக்கர் ஆட்வாட்டர், உடலுக்குள் உணவு எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதை அளக்க ஓர் அறையையே கருவியாக அமைத்தார். மனிதன் அதனுள் உண்டு, உறங்கி, உழைத்துப் பல நாட்கள் தங்குவான்; அவனிடமிருந்து வெளிப்படும் வெப்பம் அளக்கப்படும். புரதம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, மாவுச்சத்து 4 என்னும் கணக்கு அவர் ஆராய்ச்சியின் பயனாகும். இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கேழ்வரகில் புரதம் 7.3, கொழுப்பு 1.3, மாவுச்சத்து 72. முறையே பெருக்கிக் கூட்டினால் ஏறத்தாழ 329 வரும். அட்டவணையில் 328 என்று காண்பீர்கள்.

ஆட்வாட்டரும் உட்ஸ் என்பாரும் 1896-இல் அமெரிக்க உணவுகளின் அட்டவணையை வெளியிட்டனர். குறைந்த கூலிக்கு உழைப்பவன் தன் காசுக்கு எந்த உணவை வாங்கினால் மிகுந்த பலம் பெறுவான் என்று காட்டுவது ஆட்வாட்டரின் நாட்டம். நோக்கம் நன்றே. ஆயினும் அவருடைய கணக்குப்படி கீரையும் காய்கனியும் வீண்செலவாகத் தோன்றின. அவற்றில் கலோரி குறைவன்றோ? உயிர்ச்சத்து என்ற ஒன்று இருப்பதை அன்று உலகம் அறியாது. அறியாததற்கு அட்டவணையில் ஒரு பத்தி ஏது?

அந்தக் குறை எத்துணைப் பெரிது என்பது ஆசியாவில் வெளிப்பட்டது. ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவை உண்டது நன்கு தீட்டிய வெள்ளை அரிசி. வேறு அரிசிக்கு மாற்றியதும் தேறின. மனிதரை வாட்டிய பெரிபெரி நோயின் சாயல் அது. தவிட்டோடு ஏதோ ஒரு பொருள் போய்விடுகிறது என்பது 1901-இல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் கண்ட முடிவு. அப்பொருளே தயாமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. எய்க்மன் 1929-இல் நோபெல் பரிசு பெற்றார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அக்காலச் சென்னை மாகாணத்தின் வடபகுதியில், ஆந்திரக் கரையோரத்து வடசர்க்கார் மாவட்டங்களில், பெரிபெரி வேரூன்றியிருந்தது. தென்பகுதியிலும் அரிசியே உணவு; ஆனால் நோய் அரிது. காரணத்தைத் தேடும் பணி நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918-இல் மெக்காரிசன் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. அவ்வோரறை ஆராய்ச்சி 1928-இல் உணவுச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. 1935-இல் அதன் தலைமையை ஏற்ற ஆய்க்ராய்டு, இந்திய உணவுகளைப் பகுத்தாராய்ந்த முடிவுகளை 1937-இல் சுகாதார அறிக்கை எண் 23 என்ற சிறு நூலாக வெளியிடச் செய்தார். கம்பும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் எள்ளும் தத்தம் எண்களோடு வரிசையில் நின்றது அங்கேதான். சத்துள்ள உணவைத் திட்டமிடும் முறையையும் அந்நூல் உடன் கூறிற்று.

அரிசியைப் பற்றி அவரும் துணைவரும் எழுதிய தனி ஆய்வு 1940-இல் வந்தது. அதன் சாரத்தை நான் விளையாட்டாகவே வகுப்பில் வைப்பேன். இரண்டு வரிகளை எழுதுவேன். முதல் வரி: கலோரி 345, புரதம் 6.8, கொழுப்பு 0.5, மாவுச்சத்து 78.2. இரண்டாம் வரி: கலோரி 346, புரதம் 6.4, கொழுப்பு 0.4, மாவுச்சத்து 79. இரண்டும் அரிசி என்பர் மாணவர். வேறுபாடு? கண்ணுக்குத் தென்படாது. ஆட்வாட்டர் காலத்து அட்டவணை இவ்விடத்தோடு நின்றுவிடும். பின்னர் ஒரு பத்தியைச் சேர்ப்பேன். தயாமின், முதல் வரியில் 0.06 மில்லிகிராம், இரண்டாவதில் 0.21. முன்னது ஆலையில் தீட்டிய பச்சரிசி. பின்னது ஆலையில் தீட்டிய புழுங்கலரிசி.

நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசியன்றி வேறு அதிகம் உண்ண வழியில்லாத ஓர் ஏழையை எண்ணிப் பாருங்கள். பச்சரிசியிலிருந்து அவனுக்குக் கிடைக்கும் தயாமின் 0.3 மில்லிகிராம், புழுங்கலிலிருந்து 1.05. வளர்ந்த ஒருவருக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். இருவர் வயிறும் சமமாக நிறைந்தது. ஒருவன் கால் மட்டும் மரத்து நெஞ்சு தளர்ந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிப் படிகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார் இதனை அறிந்து செய்தார்கள் என்று பெருமை பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவித்த நெல் குத்தும்போது குறைவாக நொறுங்கும், அரிசி நெடுநாள் இருக்கும் என்பவை அவர்கள் கண்ட பயன்கள். நோய்த் தடுப்பு, வேண்டாமலே வந்த வரவு.

குன்னூர் ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. ஆய்க்ராய்டின் அட்டவணை 1971-இல் கோபாலன் முதலியோரால் புதுக்கி விரிவாக்கப்பட்டது. நான் வகுப்பில் ஆண்ட எண்கள் அந்நூல்வழி வந்தவை. 2017-இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டி, 528 உணவுகளை ஆராய்ந்து, முற்றிலும் புதிய அட்டவணை ஒன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து பழைய நூலில் 344, புதியதில் 364. மண்ணும் விதையும் அளக்கும் கருவியும் மாறும்போது எண் சற்று நகர்வது இயல்பு.

இப்பொழுது கடையில் வாங்கும் பிஸ்கட் உறையிலும் இத்தகைய சிறு அட்டவணை அச்சிடப்பட்டிருக்கிறது. உறையைக் கையால் மறைத்து எண்களை மட்டும் படித்துக்காட்டி, வீட்டிலேயே நீங்கள் ஆடலாம். பெரும்பாலான உறைகளில் கலோரி, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, சர்க்கரை, சோடியம் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிடும். தயாமின் பத்தி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஒரு கணக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். நூறு கிராமில் புரதம் 0.2, கொழுப்பு 0.2, மாவுச்சத்து 87.1. சர்க்கரை அன்று, சர்க்கரையானால் மாவுச்சத்து 99-ஐத் தாண்டும். வெண்ணிறமானது, பாயசத்தில் இடுவது, சேலத்து மாணவர்கள் மற்றவர்க்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.