குற்ற விலக்கும் பாலர் வயதும்

1834 ஜூனிற் சென்னைத் துறையில் இறங்கிய மெக்காலே, உதகமண்டலம் ஏகிக் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் கண்டார். பின்னர் அவர் தலைமையில், சென்னைச் சிவில் உத்தியோகஸ்தரான மக்லௌடு முதலியோர் வகுத்த தண்டனைச் சட்டம் 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் அமலாயிற்று. தீங்கு நிகழ்ந்தும் செய்தவன் குற்றவாளியாகாத நிலைகளை அதன் நான்காம் அத்தியாயம் கூறும். ஏழாண்டு நிரம்பாப் பாலன் செய்கை யாதுங் குற்றமன்று. ஏழு கடந்து பன்னிரண்டு நிரம்பாதவனாயின், தன் செயலின் தன்மையையும் விளைவையும் அறியும் முதிர்ச்சி அவனுக்கு உண்டாயிற்றா என்று நீதிபதி ஆராய்வார். இரக்கமுடைய விதியே. ஆயினும் விலக்கை மெய்ப்பிக்கும் பாரத்தை 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் எதிரியின் தலையில் வைத்தது. பிறப்பைப் பதியாத பெற்றோர் பிள்ளையின் வயதை யாது கொண்டு நாட்டுவர்? 2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா பழஞ்சட்டத்தின் இடத்தைப் பெற்றது; அவ்விரு வயதெல்லைகளும் 20, 21-ஆம் பிரிவுகளில் மாறாது நிற்கின்றன.