ஐப்பசிக்கு ஒப்புக்கொண்ட நிலம்

தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் கொட்டி, ஆறாகத் தஞ்சைக்கு வந்து சேர்கிறது. தஞ்சை வயலில் நேராக மழை விழ ஐப்பசி பிறக்க வேண்டும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடும். வங்கக் கடலில் புயல் கிளம்புவதும் அதே மாதங்களில்தான். 1952, 1977, 2018 என்று நாகைப் பகுதியைச் சூறையாடிய மூன்று பெரும் புயல்களும் நவம்பரில் வந்தவை. மூன்று முறையும் வயலில் சம்பா நெல் நின்றது.

அப்படி நின்றது உழவர்கள் தெரிந்தே போட்ட கணக்கு. பழைய சம்பா ரகங்கள் ஐந்து, ஆறு மாதப் பயிர்கள். ஆவணியில் நாற்றுவிட்டுப் புரட்டாசியில் நட்டால், அடைமழை பிடிக்கும்போது பயிர் வேரூன்றித் தூர்கட்டிக்கொண்டிருக்கும். கதிர் முற்றும்போது மழை விலகியிருக்கும். தையில் காய்ந்த களத்தில் போரடிக்கலாம். கடலோரத்துக்கு இது போதாது. அங்கே உப்பு மண்ணுக்குக் குடவாழை, தேங்கும் தண்ணீருக்கு ஒட்டடையான் என்று நெட்டை ரகங்களை வைத்திருந்தார்கள். விளைச்சல் குறைவுதான். ஆனால் வெள்ளம் வந்த ஆண்டிலும் குதிரில் கொஞ்சம் நெல் இருந்தது.

குறுகிய காலப் பயிரான குறுவைக்கு இந்தக் காவல் கிடையாது. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின், ஜூன் 12 என்பது டெல்டாவே காத்திருக்கும் தேதியானது. அன்றைக்குத் தண்ணீர் திறந்தால் நாலு மாதத்துக்குள் குறுவை வீடு வந்து சேரும். திறப்பு தள்ளிப்போனால் அறுவடை நேராக ஐப்பசியில் போய் மாட்டிக்கொள்ளும்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. மூழ்கிய நெற்பயிர் காற்றுக்காக எட்டி எட்டி வளர்ந்து, சேர்த்துவைத்த சத்தையெல்லாம் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்து அழுகிவிடும். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றில் இதற்கு நேர்மாறான குணம் இருந்தது. மூழ்கினால் அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். அந்த மரபணுவைச் சம்பாவுக்குப் பேர்போன சிஆர் 1009-இல் சேர்த்துப் பிறந்தது சிஆர் 1009 சப்1. இரண்டு வாரம் வரை முழுக்கைத் தாங்கக்கூடியது. வெள்ளம் வராது என்று நம்பாமல், வரும் என்றே வைத்துக்கொண்டு விதையைத் தேர்ந்தெடுக்கும் பழைய புத்திதான் இதிலும் வேலை செய்திருக்கிறது.

எல்லாப் பயிருக்கும் இப்படி ஈடு கிடைப்பதில்லை. 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. நெல் போனவருக்கு அடுத்த போகம் இருந்தது. தென்னை போனவர் கன்று வைத்து, அது காய்க்கும் வரை ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

மழை விட்ட விடியலில் மண்வெட்டியோடு போய் வரப்பில் வாய் வெட்டுவதுதான் சம்பாக்காரரின் முதல் வேலை. மேல்வயல் தண்ணீர் கீழ்வயலில் இறங்கும். கீழ்வயல்காரர் வடிவாய்க்காலை நம்பி நிற்பார். அதில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் தண்ணீர் அப்படியே நிற்கும். வாய்க்கால் சுத்தமாக இருந்தாலும், கடலில் ஓதம் ஏறும் நேரத்தில் முகத்துவாரம் வெள்ளத்தை வாங்காது. ஓதத்தை யாரும் குறை சொல்வதில்லை. தூர்வாராத வாய்க்காலுக்குத்தான் மறியல் நடக்கிறது, அது நியாயமும்கூட. வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு ஆகியவற்றைச் சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வேலை எடுக்கப்பட்டது. கடைமடைக்கு இது மிகவும் தேவையான வேலை.

ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்ட குறுவைக்கு அடுத்த இடி கொள்முதல் நிலையத்தில். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். மழை ஆண்டுகளில் அதை 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும். அனுமதி வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டுவிடும். ஐப்பசி மழை ஊருக்கே தெரிந்த விருந்தாளி. அந்த அனுமதியைப் புரட்டாசியிலேயே கொடுத்துவைத்தால், ஈர நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் கிளறிக்கொண்டு வெயிலுக்காக வானம் பார்க்க வேண்டியிருக்காது.