எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

புதுசாக ரைபிள் வாங்கியவனுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம் ஒன்றுதான். குழலில் பொறித்திருக்கும் அளவும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் குழல் வெடிக்கலாம், சுடுகிறவன் கண் போகலாம். இது பொறியியல், இதில் தர்க்கம் பண்ண ஒன்றுமில்லை. ஆனால் ‘பொருத்தம்’, ‘பாதுகாப்பு’ என்கிற இந்த இரண்டு சொற்களும் காலனிய இந்தியாவில் வெறும் பொறியியலாக இருந்ததில்லை. எதோடு பொருத்தம், யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்டால் கதை வேறு பக்கம் போகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்கு என்ஃபீல்டு ரைபிளைக் கொடுக்க முடிவு செய்தபோது அது புதுச் சரக்கு. அதுவரை அவர்கள் கையில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ மஸ்கட். குழல் உள்ளே வழவழப்பு, சுமார் 0.75 அங்குலம். குண்டு அதைவிடச் சின்னது, லொடலொடவென்று இறங்கும். குறி தவறும், ஆனால் திணிப்பது சுலபம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டின் குழலோ 0.577 அங்குலம், உள்ளே மூன்று சுருள் பள்ளங்கள். சுடும்போது குண்டின் அடி விரிந்து அந்தப் பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று போக வேண்டும். அதற்குக் குழலும் குண்டும் நெருங்கி இருக்கணும். சுடச்சுட வெடிமருந்தின் கரி படியும், அடுத்த குண்டு பாதியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே தோட்டாவைச் சுற்றிய காகிதத்தில், குண்டு இருக்கிற முனையில் கொழுப்பு தடவினார்கள். மருந்து இருக்கிற மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பிச் செருகி, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. மூன்றாவது கை வாய். அதாவது சிப்பாயின் வாயும் இயந்திரத்தின் உறுப்புகளில் ஒன்று. அந்த வாய்க்கு ஜாதி உண்டு, மதம் உண்டு என்பது மட்டும் வரைபடத்தில் இல்லை.

சோதனையே செய்யாமல் கொண்டுவந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1853இல் கொழுப்பிட்ட தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. சிப்பாய்கள் அவற்றைப் பைகளில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். 1855இல் அவை இங்கிலாந்துக்குத் திரும்பிப் போயின. இந்த வெயிலில், இந்த மழையில் கொழுப்பு உருகுகிறதா, கெட்டுப்போகிறதா என்பதுதான் கேள்வி. சுமந்தவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சிப்பாயின் உடல் அங்கே ஒரு அலமாரி, அவ்வளவுதான். பிறகு கல்கத்தாவில் தோட்டா தயாரித்தபோதும், ஒப்பந்தக்காரன் தந்த கொழுப்பு எந்த மிருகத்துடையது என்று உறுதி செய்துகொள்ள முயற்சி எடுக்கப்படவில்லை. பசுவா பன்றியா என்பதைவிட இந்த ‘கேட்காமை’தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1857 ஜனவரியில் டம்டம்மில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் எல்லாருக்கும் தெரியும். படைக்கலச் சாலையில் வேலை பார்த்த ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்கிறார். சிப்பாய் மறுக்கிறான். ‘இருக்கட்டும், சீக்கிரமே பசுக் கொழுப்பைக் கடிக்கப் போறே, அப்போ உன் ஜாதி எங்கே போகும்?’ என்கிற தோரணையில் பதில் வருகிறது. தோட்டாவின் உள்ளடக்கம் பற்றிய தகவலைக் கொடுத்தது உற்பத்தி செய்தவர்களின் பக்கம். ஆனால் தேசியக் கதையாடல் மங்கள் பாண்டேயின் பெயரை வைத்துக்கொண்டு இவரைப் பெயரில்லாமல் விட்டுவிட்டது. வட இந்தியத் தலித் வெளியீடுகள் மாதாதீன் பங்கி என்று பெயர் கொடுத்து இவரை மீட்டெடுத்தது பின்னால் நடந்த காரியம். சென்னைப் படையில் பறையர் உள்ளிட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள், அந்தப் படை பெரும்பாலும் கலகத்தில் சேரவில்லை. இதை ராஜவிசுவாசம் என்று மட்டும் படிப்பது சோம்பேறித்தனம்.

அரசு உடனே இறங்கி வந்தது. கொழுப்பை நீங்களே கடைத்தெருவில் வாங்கித் தடவிக்கொள்ளலாம், பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றது. அப்போ முன்னாடி இருந்ததில் ஏதோ இருந்திருக்கு என்றுதான் அதைப் புரிந்துகொண்டார்கள். சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது, காகிதம் ஏன் பளபளக்கிறது என்று. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அங்கே கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. பொருளின் தூய்மையை நிரூபித்துத் தீர்க்கக்கூடிய கட்டத்தை விஷயம் தாண்டியிருந்தது. மே 10இல் மீரட் எழுந்தது.

ஏகாதிபத்தியம் இதிலிருந்து கற்ற பாடம் விசித்திரமானது. தோட்டாவைச் சிப்பாய்க்குப் பொருத்தமாக்குவதை விட்டுவிட்டுத் துப்பாக்கியையே பொருந்தாமல் செய்தது. கலகத்துக்குப் பிறகு இந்தியப் படைகளுக்கென்று வந்த 1858ஆம் ஆண்டு மாதிரி வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்டு. உள்ளே சுருள் பள்ளம் கிடையாது, குழல் 0.656 அங்குலம். வெள்ளைக்காரன் ரைபிளுக்கான குண்டைப் போட்டால் பழைய லொடலொடதான். அதற்குப் பிறகும் ஒரு தலைமுறை பழைய ஆயுதமே இந்தியன் கைக்கு வந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஊர் ஜனங்களுக்கு உரிமம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்குத் தந்தது.

குடிமக்கள் துப்பாக்கியிலும் இதே தர்க்கம். 1907 வாக்கில் 0.450 அளவுக்கு இந்தியாவில் தடை வந்தது. ராணுவக் கிடங்கிலிருந்து போகும் மார்ட்டினி-ஹென்றித் தோட்டா கலகக்காரனுக்குப் பயன்படக் கூடாதே. உடனே லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் புலி வேட்டைத் துரைமார்களுக்காக 0.465 போன்ற புது அளவுகளைக் கண்டுபிடித்தன. இந்த எண்களை விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் மிச்சமாக நம்மிடம் இருப்பது 0.315. ராணுவத்தின் 0.303 பொதுஜனத்துக்கு மறுக்கப்பட்டதால் வந்த அளவு இது. பெயரளவில் வித்தியாசம் 0.012 அங்குலம், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால் 0.315 தோட்டாவும் ஒரு ராணுவத் தோட்டாதான், ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிகர். ஆனால் இந்தியாவின் எந்த ராணுவக் கிடங்கிலும் அது இல்லை. அதனால்தான் அது ‘பாதுகாப்பானது’. (குழலின் உள்விட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘போர்’ என்று பெயர். தமிழில் அது தரும் அர்த்தம் நான் சேர்த்ததல்ல.)

சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1878ஐ நீக்கியது. தடை செய்யப்பட்ட அளவு, செய்யப்படாத அளவு என்கிற பிரிப்பை மட்டும் நீக்கவில்லை. உத்தரப் பிரதேசப் போலீஸ் 0.303ஐக் கைவிட்டது 2020 ஜனவரி 26இல். 2021இல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. 0.315 அப்படியே தொடர்ந்தது. இன்றைக்கு அந்த ரைபிளை வாங்கித் தோட்டாவுக்குப் போகிறவனிடம் கடைக்காரர் துப்பாக்கியைக் கேட்பதற்கு முன்னால் உரிமப் புத்தகத்தைக் கேட்பார். என்ன அளவு, வருஷத்துக்கு எத்தனை, ஒரே சமயத்தில் எத்தனை என்று அதில்தான் எழுதியிருக்கிறது.