வெள்ளவத்தையின் பிரதிநிதி: கொல்வின் ஆர். டி சில்வாவும் இரண்டு சட்டங்களும்

அரசியல்வாதியொருவரை அவர் மேடையிலே முழங்கிய சொற்களைக் கொண்டு மதிப்பிடுவது நம்மிடையே நெடுங்கால வழக்கமாக இருந்து வருகின்றது. எதிர்க்கட்சி ஆசனத்திலிருந்து நீதி பேசுதல் எளிது. சட்டம் இயற்றும் பேனா கைக்கு வந்த நாளில் ஒருவர் எதனை எழுதினார், எதனை எழுதாது விட்டார் என்பதே வரலாற்றின் கேள்வி. இக்கேள்விக்கு உட்படுத்தத்தக்கவருள் முதன்மையானவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1956ஆம் ஆண்டில் தனிச் சிங்களச் சட்டத்தை நெஞ்சுரத்தோடு எதிர்த்து நின்றவர் அவரே. 1972ஆம் ஆண்டில் அதே சட்டத்தை நாட்டின் அரசியலமைப்பிலே பதித்த அமைச்சரும் அவரே. இம்மாற்றத்தின் காரணங்களை ஆராய்வது இடதுசாரி இயக்கத்தில் நம்பிக்கையுள்ளோரின் கடமை என நாம் கருதுகின்றோம்.

1907இல் பிறந்த கொல்வின் இலண்டன் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று, பிரித்தானியர் ஆட்சியின் தொடக்ககால இலங்கையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். வழக்கறிஞராக வாழ்வைத் தொடங்கிய அவரைத் தொழிலாளரிடம் கொண்டு சேர்த்தது 1933ஆம் ஆண்டின் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தமாகும். சிங்களத் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் அங்கு ஒன்றாக உழைத்தனர். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத் தலைமை மலையாளிகளுக்கெதிரான இனப் பிரசாரத்தில் இறங்கிய காலம் அது. அந்நிலையில் இன பேதங் கடந்து அமைந்த நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகக் கொல்வின் தெரிவானார். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

1940இல் அவர் சிறைவைக்கப்பட்டார். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியா சென்றார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வெள்ளவத்தை–கல்கிசைத் தொகுதியின் மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டில் வந்தது பிரசாவுரிமைச் சட்டம். பல லட்சம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய அச்சட்டத்தைச் சமசமாஜ இயக்கத்தினர் எதிர்த்தனர். சில தமிழ்த் தலைவர்கள் அரசாங்கத்தின் பக்கம் நின்று அதனை ஆதரித்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. வர்க்க உணர்வே அன்று இன உரிமையின் காவலாக நின்றது.

1955இல் சிங்களமும் தமிழும் சம அந்தஸ்துள்ள அரசகரும மொழிகளாதல் வேண்டுமென என். எம். பெரேரா பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தார். சிங்கள வாக்காளரிடையே அக்கொள்கைக்கு ஆதரவு கரைந்துகொண்டிருந்தது. எனினும் கட்சி பின்வாங்கவில்லை. 1956 ஜூனில் தனிச் சிங்கள மசோதா விவாதத்திற்கு வந்தபோது, 1952இல் இழந்த தொகுதியை மீண்டும் வென்றிருந்த கொல்வின் எழுந்து, இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாயிருக்கும், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என எச்சரித்தார். 56 வாக்குகள் ஆதரவாகவும் 29 எதிராகவும் பெற்று மசோதா நிறைவேறிற்று. வெள்ளவத்தை வீதிகளிலே வாழ்ந்த தமிழ் எழுதுவினைஞரும் ஆசிரியரும் அவ்வெச்சரிக்கையின் பொருளைத் தம் உத்தியோகத்திலேயே உணரலாயினர்.

இத்தகைய உறுதி எவ்வாறு தளர்ந்தது? 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும், 150,000 பேரின் தலைவிதியைப் பின்னர் தீர்மானிக்கவும் வகை செய்தது. 1948இல் அம்மக்களுக்காக வாதிட்ட கட்சி இப்போது ஆளுங் கூட்டணியில் இருந்தது. 1966 ஜனவரி 8ஆந் திகதி, தமிழ்மொழி உபயோக ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த கிளர்ச்சியில் இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்டன. கூட்டாளியின் வாக்குவங்கிக்கு இசையக் கொள்கை வளைக்கப்பட்டது.

1970 மே மாதத் தேர்தலில் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐக் கைப்பற்றிற்று. பெருந்தோட்டக் கைத்தொழிலோடு அரசியலமைப்பு விவகாரமும் கொல்வினின் அமைச்சுப் பொறுப்பாயிற்று. ஜூலை 19ஆந் திகதி நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியது. அன்னிய முடியின் பெயரால் ஆளப்படுதலை ஒழித்து, நாட்டு மக்களின் சொந்த அதிகாரத்திலே குடியரசை நிறுவ வேண்டுமென்ற வேட்கை முற்போக்கானதே. செனற் சபையும் இலண்டன் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும் 1971இல் ஒழிக்கப்பட்டமை அவ்வேட்கையின் பாற்பட்டது.

ஆயின் 1972 மே 22ஆந் திகதி பிறந்த குடியரசின் உள்ளடக்கம் யாது? இலங்கை ஒற்றையாட்சி நாடெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 6ஆம் பிரிவு பௌத்தத்திற்கு முதன்மை இடம் வழங்கிற்று. 7ஆம் பிரிவு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிங்களமே அரசகரும மொழி என்றது. தமிழ்மொழி உபயோக விதிகளோ சாதாரண துணைச் சட்டங்களாகவே விடப்பட்டன. சிறுபான்மையினருக்கெதிராகப் பாரபட்சமான சட்டம் இயற்றலாகாதெனத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு புதிய அமைப்பில் இடம்பெறவில்லை. மொழி பற்றிய தன் திருத்தம் நிராகரிக்கப்பட்டதும், 1971 ஜூனிலேயே தமிழரசுக் கட்சி சபையைவிட்டு வெளியேறியிருந்தது.

29ஆம் பிரிவு பயனற்ற ஏட்டுச் சுரைக்காய் எனச் சிலர் வாதிடுவர். மலையக மக்களை அது காக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் கோடீஸ்வரன் வழக்கை இவ்விடத்து நினைவு கூர்தல் தகும். சிங்களத் தேர்ச்சி பெறாமையால் 1962இல் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் ஒருவர், தனிச் சிங்களச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரணானதென வழக்குத் தொடர்ந்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் சம்பளத்திற்காக முடிமீது வழக்காட இயலாதெனக் கூறி அதனை மாற்றிற்று. 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் வழக்காடும் உரிமை உண்டெனத் தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை இலங்கை நீதிமன்றுக்கே திருப்பியனுப்பிற்று. அவ்வினா விடை காணுமுன்னர், வினா எழுதற்கு ஆதாரமான பிரிவே இல்லாமற் போயிற்று. அத்தோடு அரசாங்க ஊழியரின் நியமனமும் இடமாற்றமும் பதவிநீக்கமும் அமைச்சரவையின் பொறுப்பாயின; அம்முடிவுகளை நீதிமன்றங்கள் விசாரிக்கவும் தடை விதிக்கப்பட்டது.

தாம் மதச்சார்பற்ற அரசிலேயே நம்பிக்கை கொண்டவரென்றும், அரசியலமைப்பை இயற்றுவது நிர்ணய சபையேயன்றி அமைச்சர் அல்லரென்றும் பிற்காலத்தில் கொல்வின் விளக்கமளித்தார். கூட்டணி அமைச்சரின் இக்கட்டை நாம் அறியாதவரல்லோம். ஆனால் இவ்விளக்கம் பாதியே. மறுபாதி கோட்பாட்டுத் தவறாகும். மக்களின் பெரும்பான்மை ஆட்சியைப் பிடித்துவிட்டது. இனி அதன் கைகளை நீதிமன்றமோ ஆணைக்குழுவோ கட்டலாகாது என்ற எண்ணமே தேசிய அரசுப் பேரவையை அனைத்துக்கும் மேலான அதிகார பீடமாக்கிற்று. அப்பெரும்பான்மை எந்த வர்க்கத்தின் கையிலுள்ளது, நாளை எவர் கைக்குச் செல்லும் என்ற வினாவை மார்க்ஸியவாதி முதலிற் கேட்டிருத்தல் வேண்டும்.

விடை வர அதிக காலம் செல்லவில்லை. 1975 செப்டம்பரில் சமசமாஜ அமைச்சர்கள் அரசாங்கத்திலிருந்து நீக்கப்பட்டனர். 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டையில் தமிழர் தலைமை தனிநாட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. இருபதாண்டுகளுக்கு முன்னர் வெள்ளவத்தைப் பிரதிநிதி விடுத்த எச்சரிக்கை அவர் கண்முன்னே வடிவெடுத்தது. 1977 தேர்தலில் சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 168 ஆசனங்களில் 140ஐப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, தடைகளற்ற அதே பேரவையைக் கொண்டு, சில மாதங்களிலேயே நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தது. சமவுடைமைக்காகத் தீட்டப்பட்டதெனக் கருதப்பட்ட ஆயுதம் தொழிலாளருக்கும் சிறுபான்மையினருக்கும் எதிராகத் திரும்பிற்று. தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என அரசியலமைப்பு ஏற்றது 1987இலாகும். கொல்வின் மறைந்தது 1989 பெப்ரவரியில்.

இடதுசாரி இயக்கமே தமிழரை வஞ்சித்ததென்று கூறி, 1933இன் நெசவாலைப் போராட்டத்தையும் 1956இன் துணிவையும் மறைப்போர் உளர். அம்முடிவு நமக்கு உடன்பாடன்று. இந்நாட்டில் மொழிச் சமத்துவத்துக்காகப் பேசிய சிங்களத் தலைவருள் அவரினும் தெளிவாகப் பேசியோர் சிலரே. அக்காரணத்தினாலேயே அவரது 1972ஆம் ஆண்டுச் செயல் கடுமையான விமர்சனத்துக்குரியதாகின்றது. சிறுபான்மையின் உரிமையைச் சமவுடைமை வந்தபின் தீர்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்ததன் விளைவாக இரண்டும் கைநழுவின. புதிய அரசியலமைப்புப் பற்றிய பேச்சு இந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. வரலாறும் குடியியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் 1956 ஜூன் மாத ஹன்சாட்டையும் 1972 அரசியலமைப்பின் 7ஆம் பிரிவையும் மாணவர்முன் அருகருகே வைத்து, நடுவில் நிகழ்ந்தது யாதென அவர்களையே ஆராயச் செய்தல் வேண்டும். அடுத்த அரசியலமைப்பைப் பற்றித் தீர்மானிக்கவிருப்போர் அம்மாணவரே.